பழைய குளியலறைக்குப் புதுத்தோற்றம்: இடிக்காமல் செய்துகொள்ளும் முறை

குளியலறை பழையதாகத் தெரிவதற்கு அதன் வயது மட்டும் காரணமன்று. டைல்களின் மேல் ஏறிய உப்புப் படிவு, கறுத்துப்போன இடைவெளிப் பூச்சு, துருவேறிய குழாய்கள், போதாத வெளிச்சம் ஆகிய நான்கும் சேர்ந்தே உள்ளே நுழைபவரை முகம் சுளிக்க வைக்கின்றன. இந்நான்கையும் சரிசெய்யச் சுவரை இடிக்கவோ தரையைப் பெயர்க்கவோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எனவே, குறைந்த செலவில் மாற்றம் செய்ய விரும்புபவர் முதலில் கடைக்குச் செல்லாமல், கையில் ஒரு டார்ச் விளக்குடனும் நாணயத்துடனும் தம் குளியலறைக்குள் சென்று அரைமணி நேரம் செலவிடுவதே முறையான தொடக்கமாகும்.

தமிழ்நாட்டு நகரங்களில் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் பரவலாகக் காணப்படும் குளியலறையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட அறை, நான்கடி உயரம்வரை வெள்ளை டைல், அதற்கு மேல் டிஸ்டெம்பர் அடித்த சுவர், மொசைக் தரை, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீர், மூலையில் ஒரு கீசர் என்பவை அதன் பொது அமைப்பு.

தொடங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

அழகுபடுத்தும் பணியில் பணம் வீணாவதற்கு முதன்மையான காரணம், கசிவு இருப்பதை அறியாமல் அதன் மேல் புதிய பூச்சு இடுவதாகும். பின்வரும் ஐந்து சோதனைகளுக்கும் செலவு ஏதுமில்லை.

1. தரைக் கசிவு: தரையில் உள்ள நீர்ப்போக்கியை, அதாவது பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்று அழைக்கும் பகுதியை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்திற்குத் தண்ணீர் நிறுத்தி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து மட்டம் கணிசமாகக் குறைந்திருந்தாலோ, கீழ்த்தளக் கூரையிலும் வெளிச்சுவரிலும் ஈரம் தெரிந்தாலோ, நீர்த்தடுப்புப் பணியே முதல் வேலையாகும்.

2. வாட்டம்: தண்ணீர் நீர்ப்போக்கியை நோக்கி ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கப்படும் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பர். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு சரிவு இருந்தால் போதுமானது. ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து, பத்து நிமிடம் கழித்து எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்று சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளலாம்.

3. பொள்ளல் டைல்: ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டும்போது கணீரென ஒலிக்காமல் பொள்ளலாக ஒலித்தால், அதன் பின்புறப் பிடிப்பு விட்டுப்போயிற்று என்று பொருள். ஒன்றிரண்டு என்றால் மாற்றிவிடலாம். சுவர் முழுவதும் அவ்வாறே ஒலித்தால் அதன் மேல் எவ்வித ஒட்டுப்பணியும் செய்யக் கூடாது.

4. ஃப்ளஷ் டேங்க் கசிவு: டேங்கில் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரைமணி நேரம் தண்ணீர் இறக்காமல் வைத்திருந்தபின் கழிப்புக் கோப்பையில் நீலநிறம் தெரிந்தால், உள்ளே இருக்கும் வாஷரை மாற்ற வேண்டும்.

5. குழாய் வரிசை: சுவருக்குள் பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் இருந்து, காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக வருமானால், அக்குழாய் உட்புறம் துருப்பிடித்துக் குறுகியிருக்கக்கூடும். சுவரை உடைக்க வசதியில்லாத நிலையில், பழைய வரிசையைத் துண்டித்துவிட்டு, சுவரின் வெளிப்புறமாகவே சி.பி.வி.சி. குழாயைக் கிளிப் போட்டு ஓட்டுவது செலவு குறைந்த மாற்றாகும். நேர்கோட்டில் ஓட்டி, சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டால் உறுத்தலாகத் தெரியாது.

பணத்தைப் பங்கிடுதல்

கையில் ரூ. 20,000 இருப்பதாகவும், கூலி வேலையில் பெரும்பகுதியை வீட்டாரே செய்வதாகவும் கொண்டால், ரூ. 8,000ஐக் கசிவு, குழாய், மின்னிணைப்பு ஆகியவற்றுக்கும், ரூ. 3,000ஐத் தூய்மைப் பொருட்கள், இடைவெளிப் பூச்சு, சிலிக்கான் பசை ஆகியவற்றுக்கும், ரூ. 4,000ஐப் புதிய குழாய்களுக்கும், ரூ. 2,000ஐப் பெயின்டுக்கும் விளக்குக்கும், ரூ. 1,000ஐ அலங்காரச் சுவருக்கும் ஒதுக்கி, மீதி ரூ. 2,000ஐத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். இது விலைப்பட்டியல் அன்று. எதற்கு முன்னுரிமை என்பதைக் காட்டும் பங்கீடு மட்டுமே. பழைய வீட்டில் ஒரு திருகைக் கழற்றினால் அதன் பின்னால் இன்னொரு பழுது காத்திருப்பது இயல்பாதலால், கடைசி ரூ. 2,000 பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களிலேயே தேவைப்படும்.

அலங்காரத்திற்கு ஆயிரம் ரூபாய் போதுமா என்ற ஐயம் எழலாம். பின்னர் விளக்கப்படும் உடைந்த டைல் சுவருக்குச் சரக்குக்கான செலவு மிகக் குறைவு. அதற்குத் தேவைப்படுவது பொறுமையே.

பாதுகாப்பு: படிக்காமல் தாண்டக் கூடாத பகுதி

குளியலறை வேலையில் நேரும் கடுமையான விபத்துகள் ஆசிட், மின்சாரம், காற்றோட்டக் குறைவு ஆகிய மூன்றினால் விளைபவை.

தெருவில் பாட்டிலில் விற்கப்படும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். கழிப்புக் கோப்பையைத் துலக்கும் திரவங்கள் பலவற்றிலும் அதே அமிலம் சேர்க்கப்பட்டிருக்கிறது. இவற்றில் எதனோடும் பிளீச்சிங் பவுடரையோ, பிளீச் திரவத்தையோ கலந்தால் நச்சுத்தன்மை மிக்க குளோரின் வாயு வெளிப்படும். சிறிய அறையில் அது சில நொடிகளிலேயே மூச்சை அடைக்கும். இரண்டையும் வாளியில் கலந்தால்தான் ஆபத்து என்பதில்லை. ஒன்றை ஊற்றிச் சரியாகக் கழுவாமல் மற்றொன்றை ஊற்றினாலும் அதே வாயு உண்டாகும். ஆகவே உப்புக்கறை நீக்கும் நாளும் பூஞ்சணம் நீக்கும் நாளும் வேறுவேறாக இருக்க வேண்டும். மேலும் ஆசிட், மொசைக் தரையிலும் பளிங்கிலும் ஆத்தங்குடிக் கற்களிலும் உள்ள சுண்ணாம்புப் பொருளை அரித்துச் சொரசொரப்பாக்குவதால், அத்தரைகளில் அதை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கீசர் அல்லது விளக்குப் பணி தொடங்குமுன் மெயின் போர்டில் உரிய எம்.சி.பி.யை அணைப்பது முதல் விதி. எம்.சி.பி. மிகை மின்னோட்டத்தைத் தடுக்குமேயன்றி, மனித உடல் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டத்தைக் கண்டுகொள்ளாது. அதைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, வீட்டுக்கு 30 மில்லியாம்பியர் அளவுடையது பொருத்தமானது. வீட்டில் அது இல்லையெனில், புதிய கண்ணாடியையும் ஷவரையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்வதே அறிவுடைமை.

எரிவாயு கீசர் குளியலறைக்குள் இருக்குமானால், தோற்ற மாற்றத்தோடு அதை வெளிப்புறத்திற்கு மாற்றிவிட வேண்டும். மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு மூடிய அறையில் சேர்ந்து உயிரைப் பறித்த நிகழ்வுகள் பல உண்டு. அழகுக்காகவோ பல்லிக்கு அஞ்சியோ வென்டிலேட்டரை அடைப்பது எந்தக் குளியலறையிலும் தவறு. பல்லி வராதிருக்கக் கொசுவலைக் கம்பி பொருத்தினால் போதும்.

இன்னொரு கவனமும் தேவை. வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் எனாமல் அடிக்கப்பட்ட கதவை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கக்கூடுமாதலால், நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும், குழந்தைகளை அப்பக்கம் விடாதிருப்பதும் வேண்டும்.

உப்புக்கறை நீக்குதல்

உப்புக்கறை என்பது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் கார்பனேட்டுகள் படிந்து இறுகிய வெண்தோல். மென்மையான அமிலமே அதைக் கரைக்கப் போதுமானது. கடைகளில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் விலை குறைவானது. ஆசிட்டைப் போல நச்சுப்புகையும் எழுப்பாது.

1. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் லெமன் சால்ட்டைக் கரைத்துக்கொள்ள வேண்டும்.
2. டைல்களை முதலில் வெறும் தண்ணீரால் நனைக்க வேண்டும். அவ்வாறு நனைத்தால் இடைவெளிப் பூச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டுவிடும். அமிலம் அதற்குள் புகுந்து அரிப்பது குறையும்.
3. கரைசலில் நனைத்த பருத்தித்துணியைக் கறையின் மேல் ஒட்டி, அதன்மீது பிளாஸ்டிக் தாளை மூடி ஒருமணி நேரம் விட வேண்டும். பளபளப்பான குழாய்களுக்கு அரைமணி நேரத்திற்கு மேல் கூடாது. மீறினால் குரோமியப் பூச்சு மங்கும்.
4. நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரும்பு நார் டைலின் மெருகைக் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த கறை இன்னும் விரைவாக ஏறும்.
5. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை துடைத்து, மீண்டும் கழுவ வேண்டும். பல ஆண்டுப் படிவாயின் இம்முறையை இரண்டு, மூன்று நாட்கள் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

ஷவர் தலையைக் கழற்றி இதே கரைசலில் அரைமணி நேரம் போட்டு வைத்து, அடைபட்ட துளைகளைக் குண்டூசியால் குத்திவிட்டால், புது ஷவர் வாங்கும் செலவு பெரும்பாலும் மிஞ்சும். மொசைக் தரைக்குச் சோப்பு நீரும் பிரஷ்ஷும் மட்டுமே ஏற்றவை.

டைல் இடைவெளிகளைப் புதுப்பித்தல்

டைல்களுக்கு இடையிலான இடுக்கை நிரப்பும் பூச்சு க்ரௌட் எனப்படும். டைல் எவ்வளவு பழையதாயினும் அதைச் சுற்றியுள்ள கோடு நேராகவும் தூய்மையாகவும் இருந்தால் சுவர் புதியதாகவே தோன்றும். செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மிகுந்த பலன் தரும் பணி இதுவே என்பதால், அவசரமின்றிச் செய்யத் தக்கது.

1. பழைய பூச்சை ஹாக்சா பிளேடு துண்டாலோ அதற்கென உள்ள கைவாளாலோ, இடுக்கின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை சுரண்டி எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு அதன்மேல் பூசுவதே பரவலான தவறு. அப்பூச்சு சில மாதங்களிலேயே தோல்தோலாக உரியும்.
2. தூசியைப் பிரஷ்ஷால் நீக்கி, கழுவி, ஒருநாள் காயவிட வேண்டும்.
3. க்ரௌட் தூளை உறையில் குறித்துள்ள அளவுக்கே தண்ணீர் சேர்த்துப் பற்பசைப் பதத்தில் குழைக்க வேண்டும். இளகலாகக் குழைத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.
4. ரப்பர் தகட்டால் டைலின் ஓரத்திற்குக் குறுக்குவாட்டில் சாய்வாக இழுத்து, இடுக்குக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும்.
5. பதினைந்து, இருபது நிமிடம் கழித்து, நன்கு பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். தண்ணீர் சொட்டும் ஸ்பாஞ்ச் பட்டால் நிறம் திட்டுத்திட்டாகும்.
6. 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

வெள்ளை க்ரௌட் முதல் மாதத்தில் மட்டுமே வெள்ளையாக இருக்கும் என்பதால், தரைக்கும் கீழ் இரண்டு வரிசைகளுக்கும் சாம்பல் நிறம் தகுந்தது. சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால், நீரை உறிஞ்சாத எபாக்சி க்ரௌட்டை ஷவருக்கு அடியில் மட்டும் பயன்படுத்தலாம். சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் க்ரௌட் இடவே கூடாது; அங்கு நுண்ணிய அசைவு இருந்துகொண்டே இருப்பதால் விரிசல் விடும். அவ்விடத்திற்கு உரியது சிலிக்கான் பசை. அதை இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இட்டு, சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும்.

குழாய்களும் கதவும்

எல்லாக் குழாய்களையும் மாற்ற வேண்டியதில்லை. கண்ணில் முதலில் படும் வாஷ்பேசின் குழாயையும் ஷவரையும் மாற்றி, மற்றவற்றுக்கு வாஷரோ ஸ்பிண்டிலோ மட்டும் மாற்றினால் போதும். குழாயைக் கழற்றுமுன் மேல்தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூட வேண்டும். டெஃப்ளான் டேப்பை மரையின் முனையிலிருந்து, குழாய் திருகப்படும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே அவிழ்ந்துவிடும்.

அடிப்பகுதி ஊறி உளுத்த மரக்கதவின் கீழ் ஓரடிக்கு அலுமினியத் தகடு அறைந்தால், கதவு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தகடு அறையுமுன் உளுத்த பகுதியைச் செதுக்கி, நன்கு காயவிட்டு, ப்ரைமர் அடிப்பது இன்றியமையாதது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் கதவு முன்னிலும் விரைவாக மட்கும்.

டைலுக்கு மேலுள்ள சுவரில் டிஸ்டெம்பர் நீராவியில் பொடிந்து உதிரும். அதை முழுவதும் சுரண்டி, பூஞ்சண எதிர்ப்புள்ள அக்ரிலிக் எமல்ஷனை ப்ரைமருக்கு மேல் இரண்டு கோட் அடிக்க வேண்டும். டைலின் மேலேயே பெயின்ட் அடிக்கும் வழக்கமும், ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமும் இப்போது பரவி வருகின்றன. தண்ணீர் தெறிக்காத சுவரில் இருபொருள் எபாக்சி பெயின்ட் ஓரளவு நிற்கும். ஷவர் சுவரிலும் தரையிலும் இரண்டுமே பணத்தை வீணாக்குபவை.

படைப்புக்கான இடம்: உடைந்த டைல் சுவர்

சண்டிகரில் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ராக் கார்டனை உருவாக்கிய நேக் சந்த், உடைந்த பீங்கான், கழிவறைக் கோப்பைத் துண்டு, வளையல் முதலிய கழிவுகளைக் கொண்டே நூற்றுக்கணக்கான உருவங்களை அமைத்தார். தூக்கியெறியப்பட்ட பீங்கானுக்கு அழகு உண்டு என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. குளியலறையில் வாஷ்பேசினுக்குப் பின்னுள்ள நான்கடிக்கு நான்கடிச் சுவர், அதாவது 16 சதுர அடி மட்டும், இதற்கு ஒதுக்கப்பட்டால் போதும். நான்கு சுவர்களிலும் செய்தால் சிறிய அறை மேலும் சிறுத்துத் தோன்றும்.

வடிவத்துக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வீட்டு வாசலில் இடும் புள்ளிக்கோலமே சிறந்த வரைபடம். புள்ளிகள் சம இடைவெளியில் அமைவதால் சுவரில் அளந்து குறிப்பது எளிது. செங்காவி நிறத் துண்டுகளை நிலமாகவும், வெள்ளைத் துண்டுகளைக் கோல இழையாகவும் பதிக்கலாம். நிறங்கள் மூன்றுக்கு மேற்படாமலும், அவற்றுள் ஒன்று ஏற்கெனவே அறையில் உள்ள நிறமாகவும் இருந்தால் சுவர் தனித்துத் துருத்தாது.

1. டைல் கடைகளிலும் கட்டுமானம் முடிந்த வீடுகளிலும் உடைசல்களைக் கேட்டு வாங்க வேண்டும். சுவர் டைல்களையே தேர்ந்தெடுப்பது நல்லது. தரைக்கான விட்ரிஃபைடு டைல் கடினமானது, கனத்திலும் வேறுபடும்.
2. டைலைச் சணல் சாக்குக்குள் முகம் கவிழ்த்து வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். சாக்குக்குள் இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் கட்டாயம்.
3. தரையில் செய்தித்தாளை விரித்து, நான்கடிச் சதுரம் வரைந்து, முழுக் கோலத்தையும் பசையின்றி அடுக்கிப் பார்த்துச் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் பாதியில் வெள்ளைத் துண்டு தீர்ந்துபோய்த் தவிப்பார்கள்.
4. சுவரில் டிஸ்டெம்பர் இருந்தால் சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்ட வேண்டும். இல்லையேல் டிஸ்டெம்பரோடு சேர்ந்து துண்டுகளும் உதிரும். பழைய டைலின் மீதே ஒட்டுவதாயின், டைல் மேல் டைல் ஒட்டுவதற்குரிய பசை என்று உறையில் குறிப்பிடப்பட்டதையே வாங்க வேண்டும்.
5. ரசமட்டம் வைத்து அடிக்கோட்டை வரைந்து, அங்கே ஒரு மரச்சட்டத்தைத் தாங்கலாக அறைந்து, கீழிருந்து மேலாகப் பதிக்க வேண்டும். ஒரு தடவையில் இரண்டு சதுர அடிக்கு மேல் பசை பூசினால், துண்டுகளைப் பொறுக்கி வைப்பதற்குள் மேற்பரப்பு காய்ந்து பிடிப்பு குறையும்.
6. துண்டுகளுக்கிடையே மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, 24 மணி நேரம் கழித்து க்ரௌட் நிரப்ப வேண்டும்.
7. கையுறை அணிந்த கையால் சுவர் முழுவதும் தடவி, துருத்தும் கூர்முனைகளைச் சாணைக்கல்லால் தேய்த்து மழுக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இப்படியை இரண்டு முறை செய்வது தகும்.

குறிப்பு: ஆத்தங்குடிக் கல் கிடைத்தால் அதை உடைக்காமல் முழுக் கல்லாகவே சுவரின் நடுவில் பதிக்கலாம். அது சூளையில் சுடப்படாமல், கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டும் நிறக்கலவையும் ஊற்றி வார்க்கப்படுவதால் நீரை உறிஞ்சும். ஆகவே நீர்புகாப் பூச்சு ஒன்றை மேலே தடவுவது அவசியம்.

ஒளியும் பழம்பொருட்களும்

வாஷ்பேசின் கண்ணாடிக்கு மேல் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, நீர்த்துளி புகாத மூடியுடன், இளமஞ்சள் ஒளி தருவதாக அமைந்தால் அறையின் முகமே மாறும். கண்ணாடிக்குச் சட்டமாகப் பழைய தேக்கு ஜன்னல் சட்டத்தை உப்புத்தாளிட்டு, வார்னிஷ் பூசிப் பயன்படுத்தலாம். பரணில் கிடக்கும் பித்தளைத் தவலையைப் புளியிட்டுத் துலக்கி, ஈரம் படாத மூலையில் குளியல் துண்டுகள் வைக்கும் கலமாக்கலாம். வென்டிலேட்டர் விளிம்பில் ஒரு மணிபிளான்ட் சிறிய வெளிச்சத்திலேயே தழைக்கும்.

கண்ணாடியையோ அலமாரியையோ மாட்டுவதற்காக டைலில் துளையிடும்போது மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டி, மெருகு உடையும்வரை சுத்தியல் இயக்கத்தை அணைத்து வைத்துத் துளையிட வேண்டும். குழாய்க்கு நேர் மேலும் நேர் பக்கவாட்டிலும் சுவருக்குள் குழாய் ஓடக்கூடுமாதலால், அங்கே துளை கூடாது. முதியோர் உள்ள வீட்டில், அலமாரிக்குமுன் கைப்பிடிக் கம்பிக்கே துளையிட வேண்டும். அது டைலில் அல்லாமல் பின்னுள்ள செங்கல்லில் ஊன்றி நிற்க வேண்டும்.

ஒரே குளியலறை உள்ள வீட்டில் பணி வரிசை

வேறு குளியலறை இல்லாத குடும்பம் பணியை மூன்று வார இறுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வாரம் சோதனை, குழாய், மின்பணி, கறை நீக்கம்; இரண்டாம் வாரம் மேல்சுவர்ப் பெயின்ட், அலங்காரச் சுவர் பதித்தல்; மூன்றாம் வாரம் க்ரௌட், சிலிக்கான், கண்ணாடி, விளக்கு. க்ரௌட் இட்ட நாளில் குளிக்க அண்டை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஒருநாள் பொறுக்காமல் தண்ணீர் ஊற்றியதால் கெட்டுப்போன க்ரௌட்டை மறுபடியும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

பணி முடிந்ததும், எஞ்சிய டைல்களில் நான்கைந்தையும், பெயின்டின் நிற எண்ணையும், க்ரௌட் உறையின் ஒரு துண்டையும் ஒரு பையில் கட்டிப் பரணில் வைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து ஒரு டைல் விரிசல் விட்டால், அதே நிறம் கடையில் கிடைக்காது.